இடம் எண் மூன்று: பயன்படுத்தியவர் பிழை

1

என் அண்ணனை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு கைப்பேசித் திரையில். அதன் பிறகு போன வாரம் ஒரு பெரிய திரையில் பார்த்தேன். இந்த முறை அவர் ஒரு சிவப்புக் கட்டமாக இருந்தார்.

ஸ்வீடனில் கடலோர நகரம் ஒன்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வு செய்வது எங்கள் பிழைப்பு. போன வாரம் 'நாளைய பொருட்கள்' என்ற தலைப்பில் ஒரு நாள் கூட்டம். ஒருவர் கீறினால் தானே ஆறிக்கொள்ளும் பெயிண்டைக் காட்டினார். இன்னொருவர் உடம்பு சுட்டால் நிறம் மாறும் துணியைக் காட்டினார். காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து விடிவதற்குள் ஒரு சொம்புத் தண்ணீர் தரும் தூளைப் பற்றி ஒரு பெண் பேசினாள். எல்லோருடைய முகத்திலும் எதிர்காலம் நாளைக்குக் காலையில் கூரியரில் வந்துவிடும் என்கிற களை. நானும் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

எங்கள் முறை வந்தது. என் மேலாளர் ஈவா, உலகத்தில் ஐந்து இடங்களில் நாங்கள் வைத்துப் பார்த்த சவ்வுகள் எப்படி உழைத்தன என்று படம் போட்டாள். நான்கு பச்சைக் கட்டங்கள், ஒரு சிவப்பு. சிவப்புக்குக் கீழே எழுதியிருந்தது: இடம் எண் மூன்று, பயன்படுத்தியவர் பிழை.

அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான்.

மூன்றாம் இடம் என்பது வேதாரண்யத்துக்கு மேற்கே, காவேரி வந்து முடிகிற கடைமடையில், எங்கள் வீட்டுக் கொல்லை. பயன்படுத்தியவர் என் அண்ணன் செல்வராசு. கூட்டம் நடந்ததற்கு மறுநாள் அவருக்கு முதல் வருஷத் திதி.

2

போன வருஷம் சித்திரையில்தான் அந்தக் கருவியைக் கொண்டுபோய் வைத்தேன். கடல் உள்ளே ஏறி ஏறி எங்கள் பக்கத்து போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிருந்தது. அண்ணி இரண்டு கிலோமீட்டர் நடந்து, குழாய் வருகிற இடத்தில் குடம் வரிசை போட்டுக் காத்துக் கிடப்பாள். ஐந்து இடங்களில் வைத்துப் பார்க்கப் போகிறோம் என்று ஈவா சொன்னதும் நான் கெஞ்சாத குறையாக ஒன்றை ஊருக்கு வாங்கினேன். அண்ணனுக்கு நான் செய்து கொடுத்தது என்று அதுவரை ஒன்றுமே கிடையாது.

கருவி பெரிய விஷயம் இல்லை. போரிலிருந்து ஒரு கறுப்புத் தொட்டிக்குத் தண்ணீர் விழும். அங்கிருந்து வெயிலில் ஓடும் சின்ன மோட்டார் அதைத் தள்ளும். நடுவில் முழங்கை நீளத்துக்கு ஓர் உருளை. சவ்வு அதற்குள்ளேதான், ஜமுக்காளம் போலச் சுருட்டி வைத்திருக்கும். ஒரு குழாயில் நல்ல தண்ணீர் வரும். உப்பு மிஞ்சிய தண்ணீர் இன்னொரு குழாய் வழியாகக் கொல்லை வாய்க்காலுக்கு ஓடும்.

நானோ என்றால் எவ்வளவு சின்னது என்று அண்ணன் கேட்டார். ஒரு நெல்லின் குறுக்கே இருபத்தைந்து லட்சம் கோடு கிழித்தால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி என்றேன். சவ்வில் இருக்கும் வழிகள் ஏறக்குறைய அந்த அளவு, தண்ணீர் போகும், உப்பு போகாது என்றேன். அவர் ஒரு நெல்லை எடுத்து நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தார்.

"ஆறு மாதிரி இருக்கற வாய்க்காலே தூர் வாராம அடைச்சிக் கெடக்கு. அவ்ளோ சின்ன வழி அடைச்சிக்கிட்டா யாரு தம்பி தூர் வாருறது?"

எத்தனையோ நாடுகளில் எத்தனையோ கூட்டங்களில் இந்தச் சவ்வைப் பற்றிக் கேள்வி வாங்கியிருக்கிறேன். இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. எங்கள் துறையில் பாதிப் பேர் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறோம். நான் சிரித்துவிட்டு, அதெல்லாம் அடைக்காது, நான் சொல்கிறபடி செய்யுங்கள் போதும் என்றேன். சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். சோப்பு கூடாது, பிளீச்சிங் பவுடர் கூடாது, சுடுதண்ணீர் கூடாது, உருளையைக் காய விடக் கூடாது. தமிழில், கொட்டை எழுத்தில், நானே எழுதினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அண்ணன் தண்ணீரை நாக்கில் வைத்தே உப்பைச் சொல்லிவிடுவார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் கையில் அள்ளி ஒரு வாய், பிறகு துப்பல், பிறகு தீர்ப்பு. நான் கொண்டுபோன மீட்டரோடு அவர் நாக்கைப் போட்டிக்கு விட்டுப் பார்த்தேன். ஆறு டம்ளர் தண்ணீரை உப்பு ஏறுகிற வரிசையில் அடுக்கச் சொன்னேன். அத்தனையும் சரி. மீட்டர்தான் ஒருமுறை பேட்டரி இல்லாமல் கையை விரித்தது. அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

3

நான் திரும்பி வந்த பிறகு தினமும் காலையில் எனக்கு ஒரு செய்தி வரும். இங்கே நான் மகளை எழுப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. 'நாக்கு: நல்லாருக்கு. மீட்டர்: நல்லாருக்கு.' இவ்வளவுதான். சில நாள், 'நாக்கு: நல்லாருக்கு. மீட்டருக்கு ஒடம்பு சரியில்ல.' இங்கே பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பேருந்தில் நான் மட்டும் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவேன்.

அந்த மாதங்களில் எங்கள் கொல்லையில் தெருவே தண்ணீர் பிடித்தது. யார் வந்து கேட்டாலும் அண்ணன் இல்லை என்று சொன்னதில்லை. செல்வராசு தம்பி அனுப்பின தண்ணி என்றுதான் சொல்வார்களாம். நான் ஏதோ ஸ்வீடனிலிருந்து குடத்தில் மொண்டு அனுப்பியது மாதிரி.

என் மகள் நிலாவுக்குப் பதினோரு வயது. அவள் தமிழ் பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் மேடு ஏறிப் பள்ளத்தில் இறங்கும். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள். இரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை. ஆனால் பெரியப்பா அனுப்பும் செய்தியை மட்டும் எழுத்துக் கூட்டி அவளே படிப்பாள். 'நல்லாருக்கு' என்ற சொல்லை அவள் தமிழில் படித்து அறிந்தது அப்படித்தான். செய்தி நின்றதும் அவள் தமிழ் படிப்பதும் நின்றுவிட்டது.

4

இந்த ஊரில் வெளிநாட்டுக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டை இருந்தால் மனிதன். நான் வேலை மாறியதால் என் அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பம் போட்டு எட்டு மாதம். காத்திருங்கள் என்று ஒரு கடிதம். எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு கடிதம். போன வருஷம் ஆகஸ்டில், கைரேகை தெளிவாக இல்லை, மறுபடி நேரில் வந்து வையுங்கள் என்று கூப்பிட்டார்கள். எங்கள் அப்பா கதிர் அறுத்தே கைரேகை தேய்ந்தவர். எனக்கு எதனால் தேய்ந்தது என்று தெரியவில்லை.

அலுவலகம் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். எனக்கு முன்னால் நாற்பது பேர். சீட்டில் எண் கொடுத்து உட்கார வைத்தார்கள். கூப்பிடும்போது இல்லாவிட்டால் அந்த எண் செத்தது, திரும்பக் கடைசிக்குப் போக வேண்டும். பலகையில் எண்கள் இஷ்டத்துக்குக் குதித்தன. முப்பத்தொன்றுக்குப் பிறகு பதினேழு, அதற்குப் பிறகு ஐம்பது. நான் கண் கொட்டாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். ஊரில் அப்போது முற்பகல். ஏதோ கேட்டார். வீட்டு விசேஷம் என்று மட்டும் காதில் விழுந்தது. பலகையில் என் எண்ணுக்கு முந்தின எண் வந்தது. சரிண்ணே, பண்ணுங்க என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

கைரேகை இந்த முறை விழுந்தது. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

5

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மூன்றாம் இடத்தின் கோடு சரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு கருவியும் மணிக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்பது எங்கள் கணினிக்குத் தானாகவே வந்து சேரும். மற்ற நான்கு கோடுகளும் மேசை விளிம்பு மாதிரி நேராக இருந்தன. ஊர்க் கோடு மட்டும் மாடியிலிருந்து இறங்குவது போல இறங்கியது. அடுத்த மாதம் சொட்டுச் சொட்டாகி, பிறகு அதுவும் இல்லை.

அண்ணன் மூன்று முறை கூப்பிட்டு, தண்ணி கம்மியாகுது தம்பி என்று சொன்னார். ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். என் அண்ணன் வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கியவனும் நான். ஒருநாள் சாயங்காலம், வீட்டு வாசலில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றபடி, அண்ணனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார் என்பது என் முடிவு. விசாரணையெல்லாம் இல்லை, நேரே தீர்ப்புதான்.

பிறந்ததிலிருந்து அண்ணனை நான் 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். அன்று 'நீ' என்றேன்.

"சுவத்துல எழுதி ஒட்டிட்டு வந்தேன்ல? படிக்கத் தெரியாதா உனக்கு? உனக்கெல்லாம் கொடத்துத் தண்ணிதான் லாயக்கு."

அந்தப் பக்கம் அண்ணி ஏதோ சொல்வதும், இரு இரு என்று அவர் தடுப்பதும் கேட்டது. அப்புறம் அவர் சொன்னது இதுதான்.

"ஏதோ கை தவறியிருக்கும் தம்பி. எம்மேலதான் தப்பு. நீ மனசுல வெச்சிக்காத."

உருளையைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அனுப்பும்போது கூடவே ஒரு படிவம் வேண்டும். பழுது ஏன் வந்தது என்பதற்கு அதில் மூன்று கட்டங்கள் உண்டு: தண்ணீரின் தன்மை, வடிவமைப்பு, பயன்படுத்தியவர் பிழை. மூன்றாவதில் நானே டிக் அடித்தேன். என் கையாளுதலால் பழுது ஏற்பட்டதை ஒப்புக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழே கையெழுத்துக்குக் கோடு. வேதாரண்யத்தில் ஜெராக்ஸ் கடையில் அச்சு எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று செய்தி அனுப்பினேன். எந்த எடத்துல போடணும் என்று அவர் கேட்டார். கீழே கோடு இருக்கு என்று பதில் போட்டேன். நாங்கள் பேசிக்கொண்டது அதுதான் கடைசி. அதற்கப்புறமும் காலையில் சில நாள் செய்தி வந்தது. நாக்கும் இல்லை, மீட்டரும் இல்லை. 'சாப்ட்டியா' என்று மட்டும் இருக்கும். நான் பதில் போடவில்லை. கோபமாக இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

இதையெல்லாம் ஊரில் ஒரு பங்காளியிடமும் சொல்லித் தொலைத்தேன். செல்வராசு கை வெச்சா வெளங்காது என்று டீக்கடையில் பேச்சானது அங்கிருந்துதான்.

6

ஐப்பசியில் மழை கொட்டியது. காவேரி வராத வருஷத்துக்கும் சேர்த்து வானம் ஊற்றியது. சம்பாப் பயிர் முழுகாமல் இருக்க வரப்பை வெட்டி வடிய விடுவதற்காக அண்ணன் மண்வெட்டியோடு போனார். வரப்பிலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள்.

அவருக்கு ஒரே பெண், கவிதா. பிள்ளை கிடையாது. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். என் பழைய அட்டை முடிந்துவிட்டது, புதிய அட்டை வரவில்லை. அட்டை அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். நீங்கள் தாராளமாக நாட்டை விட்டுப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், திரும்ப உள்ளே விடுவார்களா என்பதற்கு மட்டும் எங்களால் உத்தரவாதம் தர முடியாது. வேலை, மகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது. நான் போகவில்லை. போக முடியவில்லை என்று ஒரு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. போயிருக்கலாம். போகவில்லை.

பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். யாரோ கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். மழையில் திரை நனைந்து அண்ணன் முகம் தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரிந்தது. பிறகு சார்ஜ் தீர்ந்துவிட்டது.

மறுநாள் வேலைக்குப் போனேன். ஈவா என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தாள். இந்த மொழியில் அதற்கென்று ஒரு வாசகம் உண்டு. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. பண்டிகை வாழ்த்துக்குச் சொல்கிற பதில் வாயில் வந்துவிட்டது. உங்களுக்கும் அப்படியே என்றேன். அவள் என் தோளைத் தட்டினாள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அங்கேதான் முதல்முறையாக அழுதேன்.

7

ஊரிலிருந்து வந்த உருளை, ஈரத்தோடு பையில் கட்டி, குளிர்பெட்டியில் ஒரு வருஷம் கிடந்தது. செத்த சவ்வை அறுத்துப் பார்ப்பதற்கு எங்கள் துறையில் பிரேதப் பரிசோதனை என்றே பெயர். பழுதான எல்லாவற்றையும் அறுத்துப் பார்ப்பது வழக்கம். இதை மட்டும் நான் தள்ளிப்போட்டேன். காரணம்தான் தெரிந்துவிட்டதே, கையெழுத்தும் இருக்கிறதே என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

கூட்டத்தில் சிவப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலை வீட்டுக்கு வந்தேன். நிலாவுக்குப் பள்ளியில் எதிர்காலப் பொருட்கள் பற்றிச் சுவரொட்டி செய்யும் வேலை. சாப்பாட்டு மேசை முழுக்க அட்டையும் பசையும். அப்பாவின் சவ்வை அழகாக வரைந்திருந்தாள். ஓரத்தில் ஸ்வீடிஷில் எழுதியிருந்தாள்: இந்தியாவில் ஒன்று கெட்டுவிட்டது, என் பெரியப்பா அதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கே கேட்டாய் என்றேன். நீதான் போனில் கத்தினாய் என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

மறுநாள் திதி. மனைவி வீட்டில் இலை போட்டு வைத்தாள். நான் கும்பிட்டுவிட்டு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய் உருளையை எடுத்தேன். அண்ணன் உடம்பைத்தான் பார்க்கவில்லை, இதையாவது பார்ப்போம் என்று தோன்றியது.

ரம்பத்தால் உருளையின் மேல் உறையை அறுத்து, சுருளை மேசையில் விரித்தேன். உப்பு படிந்திருந்தால் வெள்ளையாக இருக்கும், இரும்பு என்றால் செம்பழுப்பு, சோப்பால் கெட்டிருந்தால் சவ்வு உரிந்து வரும். இது உரியவில்லை. தண்ணீர் நுழைகிற விளிம்பிலிருந்து உள்ளே வரைக்கும் மஞ்சளாக இருந்தது. மேலே கொழுப்பு மாதிரி மெல்லிய பிசுக்கு. ஈவா வந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் சாயப்பட்டறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். புறஊதா விளக்கைப் பிடித்தோம். துண்டு முழுவதும் இளம்பச்சையாக ஒளிர்ந்தது. என்ன சாயம் என்று அவள் ஒரு பட்டியலைப் புரட்டத் தொடங்கினாள். எனக்குப் பட்டியல் வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அது இல்லாத நாள் கிடையாது. மஞ்சள்.

அண்ணியைக் கூப்பிட்டேன். ஊரில் மதியம், திதிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சவ்வில் மஞ்சள் இருக்கிறது, எப்படி வந்தது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள்.

போன வருஷம் கவிதாவுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி. பதினெட்டாம் பெருக்கு அன்று தாலி பிரித்துக் கோர்க்க வேண்டும், கல்யாண மாலையை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். காவேரிக்குப் படைத்துவிட்டுத்தான் அதெல்லாம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. ஆற்றிலும் மணல், வாய்க்காலிலும் மணல். ஊருக்குள் ஓடுகிற தண்ணீர் என்றால் எங்கள் கொல்லைத் தொட்டியில் விழுவது ஒன்றுதான். அங்கே வைத்துக் கும்பிடலாம், இதுவும் நம்ம காவேரிதான் என்று அண்ணன் சொன்னாராம். காப்பரிசி, பூ, காதோலை கருகமணி எல்லாம் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மஞ்சளைக் கரைத்து, குங்குமம் போட்டு, ஒரு சொம்புப் பாலோடு தொட்டித் தண்ணீரில் விட்டார்கள். தெருப் பெண்களும் வந்து ஆளுக்கு ஒரு கை விட்டார்கள். கழிவு நீர் ஓடுகிற வாய்க்காலில் கவிதா மாலையை விட்டாள்.

தூளையும் பூவையும் சவ்வுக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி பிடித்துவிடும். பால் கொழுப்பையும் மஞ்சளின் எண்ணெயையும் பிடிக்காது. அவை நேராகச் சவ்வில் போய் அப்பிக்கொள்ளும். கோடு ஆடி பதினெட்டுக்குப் பிறகுதான் சரிந்தது. என் நாட்காட்டியில் ஆடி இல்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. சோப்பு கூடாது, பிளீச்சிங் பவுடர் கூடாது என்று எழுதி ஒட்டினேனே, அந்தத் தாளில் மஞ்சள் கூடாது என்று எழுதத் தோன்றவில்லை. நல்ல தண்ணீர் வந்தால் எங்கள் ஜனம் முதலில் அதைக் கும்பிடும் என்பது, அங்கே பிறந்து வளர்ந்த எனக்கு மறந்துபோயிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. அப்போதும் கோபம்தான் முதலில் வந்தது. இதை ஏன் அண்ணி எனக்குச் சொல்லவில்லை, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

கழுவுகிற சத்தம் நின்றது.

"ஒங்களக் கேட்டுட்டுத்தானே தம்பி செஞ்சோம்."

நான் புறஊதா விளக்கை அணைத்தேன்.

"நான்தான் வேணாம்னேன். மிஷினுக்கு எதுனா ஆயிடப்போவுது, தம்பிய ஒரு வார்த்த கேளுங்கன்னேன். ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுனாரு. மஞ்சக் குங்குமம் போட்டு, பாலு வுட்டுக்கலாமான்னு கேட்டாரு. சரிண்ணே, பண்ணுங்கன்னு சொன்னீங்க. கவிதாவும் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்துச்சி."

பலகையில் குதித்துக்கொண்டிருந்த எண்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

நான் திட்டிய அன்று போனைப் பிடுங்கி இதைச் சொல்லப் போனாளாம் அண்ணி. அண்ணன் கொடுக்கவில்லை. படிவத்தில் இருந்ததை ஜெராக்ஸ் கடைக்காரர் தமிழில் படித்துச் சொல்லியிருக்கிறார். அண்ணன் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்போதும் அண்ணி சண்டை போட்டிருக்கிறாள்.

"அதுக்கு அவரு சொன்னாரு தம்பி, 'அவனே கார்டு வராம அலைஞ்சிக்கிட்டு இருக்கான். அவன்தான் பண்ணச் சொன்னான்னு தெரிஞ்சா வேலைக்கு எதுனா ஆயிடும். எம்பேரு அங்க கெட்டா என்னா, அங்க என்னைய யாருக்குத் தெரியும்'னாரு."

8

அன்று மாலை நிலாவிடம் சொன்னேன். தமிழில் ஆரம்பித்தேன், அவள் முகத்தைப் பார்த்து ஸ்வீடிஷுக்கு மாறினேன். பெரியப்பா ஒன்றும் செய்யவில்லை, அவர் என்னைக் கேட்டார், நான் காதில் வாங்காமல் சரி என்று சொன்னேன் என்றேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நீதான் காரணம் என்று பெரியப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். தெரிந்துமா சாப்பிட்டாயா என்று எழுதினார் என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள், சாப்ட்டியா என்று, அவர் எழுதியபடியே.

மறுநாள் கணினியில் மூன்றாம் இடத்தின் கோப்பைத் திறந்து, காரணத்தை மாற்றினேன். பயன்படுத்தியவர் பிழை என்பதை எடுத்துவிட்டு, ஆய்வுக்கூடம் தந்த தவறான அறிவுரை என்று போட்டேன். அறிவுரை தந்தவர் பெயரில் என் பெயர். விளக்கம் எழுதக் கொடுத்த இடத்தில் ஆடிப்பெருக்கு என்றால் என்ன என்று எழுதினேன். ஈவா படித்துப் பார்த்துவிட்டு, இதை அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும், எதிர்காலத்தில் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர்கள் தண்ணீரை என்ன செய்வார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்றாள். நல்ல மனுஷி. அவள் சொன்னது சரிதான். எனக்குத்தான் எதிர்காலத்தில் அக்கறை இல்லாமல் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பதிவுகளைப் பார்க்கும் பிரிவிலிருந்து கோப்பு திரும்பி வந்தது. இந்தப் பழுதுக்குத் தானே காரணம் என்று பயன்படுத்தியவர் ஏற்கெனவே ஒப்புதல் தந்திருக்கிறார், அதை நீக்க அதே நபரின் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. கூடவே பழைய படிவத்தையும் இணைத்திருந்தார்கள். கீழே கோட்டின் மேல், கோணாமல், நிறுத்தி நிதானமாக, 'சு. செல்வராசு'. பள்ளிக்கூடத்தில் எழுதக் கற்றுக்கொண்ட நாளில் எழுதியிருப்பது போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. அவசரத்தில் போட்ட கையெழுத்து இல்லை அது.

இறந்துவிட்டார் என்று எழுதி அனுப்பினேன். அப்படியானால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இரண்டுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. வாங்கிக் கொடுப்பேன். எத்தனை மாதம் ஆனாலும் வாங்கிக் கொடுப்பேன். என் புதிய அட்டை அவர் போன பதினேழாம் நாள் வந்தது. இதற்கும் ஒரு நாள் வரும்.

அதுவரை அந்தக் கட்டம் சிவப்பாகத்தான் இருக்கும். அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். வேதாரண்யம் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், எங்கள் ஊர் டீக்கடையில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிடுங்கள். செல்வராசு எதையும் கெடுக்கவில்லை. செய்யலாமா என்று தம்பியைக் கேட்டார். தம்பி, செய்யுங்கள் என்றான்.